மே தினத்து எண்ணெய்க் குளியல்

இசக்கிசெல்வியைப் பற்றிச் சொல்வதென்றால், அவள் என்னை எட்டுப் பேர் முன்னால் தலை குளிக்க அனுப்பியதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏழு வருடம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் நான் டீம் லீடர். பெயர் தாண்டவராயன், சொந்த ஊர் பக்கத்திலேயே வல்லக்கோட்டை. இசக்கிசெல்வி அதே ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன். பெயின்ட் அடித்த கார் பாடி சூளைக்குள் போய் வெந்து வெளியே வந்ததும், வரிசை வரிசையாக டியூப் லைட் எரியும் இடத்தில் நிற்கும். அவள் கையுறை போட்ட கையால் அதைத் தடவிக்கொண்டே போவாள். எங்கே குறை தெரிகிறதோ அங்கே மார்க்கரால் ஒரு வட்டம். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு வட்டம் விழுந்தால் ஷிப்ட் முழுக்க யாரால் வந்தது என்ற விசாரணைதான்.

பெயின்ட்டுக்கு ஜென்ம எதிரி எண்ணெய். தலையில் எண்ணெய் வைத்தவன் ஒருவன் பாடியின் மேல் குனிந்தால் போதும், அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகிப்போய்க் குட்டிக் குட்டிக் குழியாகிவிடும். அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. சூடு பட்டு வந்த பிறகுதான் பல்லைக் காட்டும். அதனால் எங்கள் ஷாப்பில் எண்ணெய், பவுடர், சென்ட், பூ எதுவும் கூடாது. இசக்கிசெல்வி களக்காட்டுப் பக்கத்துப் பெண். இடுப்புக்குக் கீழே முடியோடு வந்தவள். பதினோரு வருடமாக அந்த முடிக்கு ஒரு சொட்டு எண்ணெய் காட்டாமல் இருக்கிறாள்.

என்னைக் குளிக்க அனுப்பிய அன்றைக்கு, என் மச்சான் கல்யாணத்துக்குப் போய்விட்டு நேராக ஷிப்டுக்கு வந்துவிட்டேன். பிளான்ட் ஹெட் ரவுண்ட்ஸ் வந்திருந்தார். இவள் என் பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினாள்.

“சார், உங்க தலையில தேங்கா எண்ணெ வாசம் அடிக்கி. குளிச்சிட்டு வாங்க.”

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அது அவளுக்கு வராது. குறையைப் பார்த்தால் அந்த இடத்திலேயே வட்டம் போட்டுவிடுவாள். யார் செய்தது, எப்படி ஆனது, அவன் முகம் எப்படிச் சுருங்குகிறது என்பதெல்லாம் அவள் கணக்கில் இல்லை. அவளை மாதிரி நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை. அவளோடு ஒரு ஷிப்ட் வேலை பார்ப்பதைப் போன்ற தண்டனையும் வேறு இல்லை. இப்போது முப்பத்து நாலு வயது. கல்யாணம் பற்றிக் கேட்பவர்களிடம் ஷிப்ட் டைமிங் பற்றிப் பதில் சொல்லுவாள்.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு ரூமில் இருக்கிறாள். நாலு வருடம் முன்பு அந்த ரூமுக்குப் பேச்சி வந்து சேர்ந்தாள். சங்கரன்கோவில் பக்கம், வந்தபோது இருபது வயது, சீட் கவர் தைக்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பேச்சியிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கினால் ரூமுக்குப் போகமாட்டாள். டயர் கடை மாடியில் எழிலரசன் நடத்துகிற ஜிம்முக்குப் போவாள். எழிலரசன் வாலாஜாபாத்துக்காரர். எம்.எம்.ஏ. கற்றுக்கொடுப்பவர். கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்துவார்களே, குத்து, உதை, மல்யுத்தம், கழுத்துப்பிடி எல்லாம் உண்டு, ஒருவர் தாங்க முடியாமல், போதும் என்று கையால் தட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது, அந்த விளையாட்டு.

பேச்சியின் முதல் ஆட்டத்துக்கு இசக்கிசெல்வி சும்மாதான் துணைக்குப் போனாள். ரவுண்டுக்கு நடுவே ஒரு நிமிட ஓய்வில் ஸ்டூல் போட, தண்ணீர் கொடுக்க, துடைத்துவிட ஒரு பெண் இருந்தால் நல்லது என்று எழிலரசன் சொன்னார். அப்படியே கார்னரில் நின்றுவிட்டாள். ஆறு ஆட்டம் ஆயிற்று. எங்கள் ஷாப்பில் யாரையும் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், கேன்டீனில் உட்கார்ந்து போனில் பேச்சியின் வீடியோவைக் காட்டுவாள். “எம்புள்ள எப்படி அடிக்கா பாருங்க சார்” என்பாள். பத்து வயதுதான் வித்தியாசம், பிள்ளையாம்.

இந்த வருடம் பேச்சிக்கு டைட்டில் ஆட்டம் வந்தது. ஐம்பத்திரண்டு கிலோ பிரிவின் சாம்பியன் ஐஸ்வர்யா, மறைமலை நகர்ப் பெண். முதுகுப் பக்கமாக ஏறிக் கழுத்தைப் பிடித்தால் விடமாட்டாள் என்று பெயர். அவளை ஜெயித்தால் பெல்ட் பேச்சிக்கு. பெல்ட்டோடு வந்தால் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்துத் தங்களிடமே சேர்த்துக்கொள்வதாகச் சென்னையில் ஒரு பயிற்சி மையம் சொல்லியிருந்தது. ஜூனோடு பேச்சியின் கான்ட்ராக்ட் முடிகிறது. ஜெயித்தால் சென்னை. இல்லையென்றால் வேறொரு கம்பெனியில் வேறொரு தையல் மிஷின்.

ஆட்டம் மே தினத்தன்று, ஒரகடத்தில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில். எல்லாக் கம்பெனிக்கும் லீவு, கூட்டத்துக்குக் கேட்பானேன். மே தினம் வெள்ளிக்கிழமையில் வந்ததுதான் வினை.

எடை பார்ப்பது வியாழக்கிழமை காலை. அதற்கு முந்தின பத்து நாளில் பேச்சி மூன்றரைக் கிலோ குறைத்தாள். அந்த வெயிலில் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் ஓடினாள். கடைசி நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எடை சரியாக வந்தது. ஆனால் உடம்பு கொதித்தது. கண் இரண்டும் சிவந்து எரிந்தன, வாயெல்லாம் புண், தூக்கம் இல்லை. இளநீர், மோர், கஞ்சி எல்லாம் கொடுத்துப் பார்த்தாள் இசக்கிசெல்வி. சூடு இறங்கவில்லை.

உடம்பு சூட்டுக்கு நம் ஊரில் என்ன செய்வோம்? விடிந்தால் வெள்ளிக்கிழமை, பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். மளிகைக் கடையில் நல்லெண்ணெய் வாங்கி, மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி இறக்கினாள்.

பேச்சி கேட்டிருக்கிறாள். “எண்ணெ தேச்சா பரவால்லயாக்கா? மேல ஒண்ணும் தடவக் கூடாதுன்னு ரூல் இருக்குல்லா?”

“அது ஆட்டத்துக்குப் போகும்போதுட்டி. காலையில தேச்சு, சீயக்கா போட்டு அரக்கித் தேச்சிட்டா சாயங்காலம் எங்க இருக்கப் போவுது? பேசாம உக்காரு.”

உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்து, அரை மணி ஊறவைத்து, சீயக்காயைக் குழைத்துப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டாள். பேச்சி சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். பத்து நாளில் அதுதான் முதல் தூக்கம்.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அன்றைக்கு இசக்கிசெல்வி தன் கையை மட்டும் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாளாம், நகத்தடியில் பிரஷ் விட்டுத் தேய்த்தாளாம். ஏன் தெரியுமா? மறுநாள் சனிக்கிழமை பெயின்ட் ஷாப்புக்கு வரவேண்டுமே! கார் மேல் எண்ணெய் படக்கூடாது என்று நினைவு வந்தவளுக்கு, கூண்டுக்குள் போகிற பெண்ணின் உடம்பைப் பற்றி நினைவு வரவில்லை. சூடு பட்டால்தான் எண்ணெய் வெளியே வரும் என்று எங்கள் ஷாப்புக்கே பாடம் எடுத்தவள். எழிலரசனிடமாவது ஒரு வார்த்தை சொன்னாளா? கேட்டால், குளிப்பதையெல்லாமா கோச்சிடம் சொல்வார்கள் என்கிறாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் மண்டபம் நிரம்பிவிட்டது. நானும் எங்கள் ஷாப் ஆட்கள் பதினைந்து பேரும் நாலாவது வரிசை. மணவறை போடுகிற இடத்தில் கூண்டு. மைக்கில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். ஏழு மணிக்குப் பேச்சியைக் கூப்பிட்டார்கள். கூண்டு வாசலில் ஒரு அம்மா, மேலே எதுவும் பூசியிருக்கிறாளா என்று அவள் கை, தோள், முதுகு எல்லாம் தடவிப் பார்த்து உள்ளே அனுப்பினார். ஏசி ரூமில் உட்கார்ந்திருந்த உடம்பு, உலர்ந்துதான் இருந்திருக்கும்.

டைட்டில் ஆட்டத்துக்கு ஐந்து ரவுண்ட், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். முதல் ரவுண்டிலேயே ஐஸ்வர்யா பேச்சியைத் தூக்கிக் கீழே போட்டு முதுகில் ஏறிவிட்டாள். கை கழுத்தைச் சுற்றிப் போனது. முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் பேச்சி எழுந்து நிற்கிறாள். மண்டபம் அதிர்ந்தது. இரண்டாவது ரவுண்டிலும் அதே பிடி, மறுபடியும் உருவிக்கொண்டு வந்துவிட்டாள். நின்று அடித்துக்கொள்வதில் பேச்சிதான் கெட்டி. ஐஸ்வர்யாவுக்குப் புருவத்தில் கிழிந்தது.

மூன்றாவது ரவுண்டில் ஐஸ்வர்யா பேச்சியின் கையை இரண்டு தொடைக்கும் நடுவே இறுக்கி மடக்கினாள். முழங்கை அப்படியே வழுக்கி வெளியே வந்தது.

“சார், வழுக்குது சார்! புடிக்கவே முடில!” என்று ஐஸ்வர்யா ரெஃப்ரியைப் பார்த்துக் கத்தினாள்.

ரவுண்ட் முடிந்ததும் ரெஃப்ரி பேச்சியின் தோளைத் தொட்டுப் பார்த்தார். அந்த லைட்டுக்கு அடியில் இரண்டு பேர் மேலும் வேர்வை ஆறாக ஓடுகிறது. “வேர்வைம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். “புடிக்கத் தெரியாத ஆளு வழுக்குதுன்னுதான் சொல்லும்” என்று நானும் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன்.

கார்னரில் எழிலரசன் மண்டிபோட்டுப் பேச்சியிடம் பேசிக்கொண்டிருந்தார். “மூணு ரவுண்டும் நம்மளுது. இன்னும் ரெண்டு தான். கீழ போகாத, நின்னு அடி.” இசக்கிசெல்வி பேச்சியின் பிடரியிலும் தோளிலும் தண்ணீர் ஊற்றினாள். துண்டை எடுத்தவள் துடைக்காமல் நின்றாள். நாலாவது வரிசையிலிருந்து அதை நான் பார்த்தேன், காரணம் தெரியவில்லை. பிறகு அவளே சொன்னாள்.

பெயின்ட் அடிக்கும் முன்பு இரும்புத் தகடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. தண்ணீர் ஊற்றுவோம். சுத்தமான தகட்டில் தண்ணீர் ஒரே பரப்பாகப் படியும். எண்ணெய் இருந்தால் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். பேச்சியின் தோளில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஆள்காட்டி விரலால் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். நல்லெண்ணெய், மிளகு, சீரகம்.

அவளுக்கு அப்போது முப்பது விநாடி இருந்தது. மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரியாது. சும்மா இருந்திருந்தால் இன்னும் பத்து நிமிடத்தில் பெல்ட் பேச்சியின் இடுப்பில். அவள் பேச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை. எழிலரசனிடமும் சொல்லவில்லை. விசில் ஊதியதும் எல்லாரும் கூண்டை விட்டு வெளியே வரவேண்டும். இவள் வெளியே வராமல் நேராக ரெஃப்ரியிடம் போனாள்.

“சார், இவ மேல எண்ணெ இருக்கு. காலையில நாந்தான் தேச்சுக் குளிப்பாட்டுனேன்.”

ரெஃப்ரியின் சட்டையில் மைக் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

பேச்சி வாயில் பல் காப்போடு திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். கோபம்கூட இல்லை. ஒன்றும் புரியாத முகம். அப்புறம் மெதுவாகத் தன் கையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் வந்தார், மேல் அதிகாரிகள் வந்தார்கள், வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தார்கள். இருபது நிமிடம் பேச்சு. மண்டபத்தில் தண்ணீர் பாட்டில் பறந்தது. நானும் எழுந்து நின்று கத்தினேன், மறைக்க வேண்டியதில்லை. “ஏம்மா இசக்கி, உன்க்கு இன்னா கேடு? வாய மூடிக்கினு இருந்தா கொறஞ்சா பூடுவ?” என்றேன். அவள் காதில் விழுந்திருக்கும். தலை நிமிராமல் துண்டை மடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னார்கள். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை, அதனால் தண்டனை இல்லை. ஆட்டம் செல்லாது. பெல்ட் ஐஸ்வர்யாவிடமே இருக்கும். ஆகஸ்டில் மறுபடி ஆடலாம்.

ஐஸ்வர்யா இறங்கிப் போகும்போது இசக்கிசெல்வியின் கையைப் பிடித்து, “தேங்க்ஸ்க்கா” என்றாள். அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்ததாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குள் அந்த வீடியோ எல்லாருடைய போனிலும் வந்துவிட்டது. பேச்சிக்கு ‘நல்லெண்ணெய்’ என்று பட்டப்பெயர். கம்பெனி பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து ஒருவன், “வழுக்கிடப் போறே, கம்பியப் புடிச்சிக்கோ” என்றானாம். எழிலரசன் இசக்கிசெல்விக்குப் போன் செய்து, “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எங்கள் ஷாப்பில் மட்டும் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வழக்கம்போல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நேற்று கத்தியவன் இன்று போய் ஆறுதல் சொன்னால் நன்றாக இருக்குமா? சொல்லாமல் விட்டேன்.

சனிக்கிழமை முழுக்கப் பேச்சி அவளிடம் பேசவில்லை. ஞாயிறு காலை மாடியில் இரண்டு பேரும் யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிசெல்விதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“தப்பு எம்மேலதான்ட்டி. எண்ணெ தேச்சதும் நான்தான்.”

“எண்ணெய விடுங்கக்கா. எனக்குச் சூடு தாங்க முடியல, நீங்க தேச்சிய. நானுந்தான் உக்காந்தேன்.”

“பின்ன என்ன? பாத்துட்டு, சொல்லாம இருக்கச் சொல்லுதியா?”

பேச்சி கையிலிருந்த சட்டையைப் பிழிந்து கயிற்றில் போட்டாள். “எங்கிட்ட ஏன் சொல்லல? நான் அங்கனதான உக்காந்திருந்தேன்? உங்க கை எந்தோள் மேலதான இருந்துச்சு? ‘ஏட்டி, எண்ணெ இருக்கு’ன்னு ஒரு வார்த்த. நானே எந்திரிச்சுக் கையத் தூக்கிருப்பேன். நான் சொன்னேன்னு இருந்திருக்கும். இப்ப, கையும் களவுமா மாட்டுனவளா நிக்கேன்.”

இசக்கிசெல்வி வாளியிலிருந்து அடுத்த சட்டையை எடுத்து அலசினாள்.

“நான் சொல்ல மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டிய” என்றாள் பேச்சி. அப்போதுதான் அழுதாள்.

இதை இசக்கிசெல்வி ஒரு வாரம் கழித்துக் கேன்டீனில் எனக்குச் சொன்னாள். “உண்மைதான் சார். அவகிட்ட சொன்னா, ‘வேண்டாம்க்கா, சும்மா இருங்க’ன்னுருவாளோன்னு பயமா இருந்துச்சு. அப்படி ஒருநாளும் சொல்லுற பிள்ள இல்ல அது. நாலு வருசம் ஒரே ரூம்ல இருந்தும் அவள நான் அப்படி நெனச்சிட்டேன்.” தட்டில் சோறு அப்படியே இருந்தது. அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். தலை குளிக்க அனுப்பிய கோபத்தை அன்றைக்கு விட்டிருக்கலாம். கொஞ்சம் விட்டேன்.

ஜூலையில் ஆகஸ்ட் ஆட்டத்துக்கான படிவம் வந்தது. கார்னரில் நிற்கிற இரண்டு பேரின் பெயரை எழுதவேண்டும். பேச்சி எழிலரசன் பெயரையும், தன்னோடு சீட் கவர் தைத்த மெர்சியின் பெயரையும் எழுதினாள். ரூமுக்கு வந்து மறைக்காமல் சொன்னாள். ஒரு டிக்கெட்டையும் நீட்டினாள்.

“மூணாவது வரிச. கார்னர் வேண்டாம்க்கா. ஆனா நீங்க வரணும்.”

இசக்கிசெல்வி டிக்கெட்டை வாங்கி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். “மெர்சிக்கு இதெல்லாம் தெரியுமாட்டி?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜிம்மில் மெர்சியை உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். ரவுண்ட் முடிந்ததும் எந்தக் காலை முதலில் உள்ளே வைப்பது, ஸ்டூலை எந்தப் பக்கம் போடுவது, தண்ணீரை எவ்வளவு கொடுப்பது, ஐஸை எங்கே வைப்பது. மெர்சி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். பேச்சி அந்தப் பக்கம் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தாள். படிக்கட்டு வரை போன இசக்கிசெல்வி திரும்பி வந்து மெர்சியின் நோட்டைச் சுட்டிக்காட்டினாள்.

“இன்னொண்ணு எழுதிக்கோ. எதப் பாத்தாலும் மொதல்ல அவகிட்ட சொல்லு. ரெஃப்ரிகிட்ட இல்ல, கோச்சுகிட்ட இல்ல. அவகிட்ட.”

மெர்சி அதையும் எழுதிக்கொண்டாள்.